ஆவன செய்யவும்

விசா இன்டர்வியூவா? அதுக்கா இப்படி முந்தானையைப் பிசைஞ்சுக்கிட்டே வர்றீங்க. பஸ்ஸு பெரம்பலூர் தாண்டியாச்சு, இன்னும் அந்த ஃபைலை மடியை விட்டு எறக்கலை. மேல வைங்க, யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க. நானும் அங்க போய் நின்னவதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பையன் உக்காந்துக்கிட்டு, எதுக்குப் போறீங்கன்னு கேட்டான். 'ஃபார் மை டாட்டர்-இன்-லாஸ் கன்ஃபைன்மென்ட்'னு சொன்னேன். திருதிருன்னு முழிச்சான். பிரசவத்துக்கு அப்படி ஒரு வார்த்தை இருக்கறதே அவனுக்குத் தெரியலை. ஜெயில்னு நினைச்சுட்டான் போலிருக்கு, யாரை அடைச்சு வச்சிருக்காங்கன்னு கேக்குறான். அவங்க மொழி அவங்களுக்கே தெரியாதுங்க. அதை முதல்ல மனசுல வச்சுக்கோங்க.

நான் சுகுணவதி. எம்.ஏ. இங்கிலீஷ் லிட்ரேச்சர். திருச்சியில எய்டட் ஸ்கூல்ல முப்பது வருஷம் இங்கிலீஷ் எடுத்தேன், கிராமர்னா என்கிட்டதான் அனுப்புவாங்க. உங்களுக்கு இங்கிலீஷ் வராதா? பரவாயில்லை, அதுல வெக்கப்பட என்ன இருக்கு. எல்லாருக்கும் வந்துருமா. பொண்ணு எந்த ஊர்ல இருக்கா? சரிதான், என் பையன் இருக்கறதுக்குப் பக்கத்து மாநிலம். எத்தனாவது மாசம்? அஞ்சா. ம்.

இல்லை, ஒண்ணுமில்லை. என் மருமகளுக்கும் அப்ப அஞ்சுதான். சொல்றேன், கேட்டுக்கோங்க. உங்களுக்கு உபயோகப்படும்.

மருமக பேரு கோகிலவாணி. கரூர்ப் பொண்ணு. நல்ல பொண்ணுதான், குத்தம் சொல்லலை. ஆனா தமிழ் மீடியம். கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சு, இன்ஜினியரிங் முடிச்சு, கம்ப்யூட்டர்ல உக்காந்துட்டா. வெஜிடபிளை 'வெஜி டேபிள்'ம்பா. என் பையன் மணிவாசகன் அவளைத்தான் கட்டுவேன்னு நின்னான், கட்டி வச்சோம். இதுல ஒரு வேடிக்கை பாருங்க, அந்த ஊர் கடையில அவ பேசினா எல்லாருக்கும் புரியுது. நான் பேசினா 'சாரி?'ங்கறான். நல்ல இங்கிலீஷைக் காதால கேட்டதில்லைன்னா பாவம் அவங்களும் என்ன பண்ணுவாங்க.

அந்த நாட்டுச் சட்டத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிடறேன், இல்லாட்டி மிச்சம் புரியாது. நம்ம ஊர்ல கருவைக் கலைக்கிறதுக்கு எழுபத்தொண்ணுலயே பார்லிமென்ட்ல சட்டம் போட்டு, டாக்டர் பாத்துச் சொன்னா பண்ணலாம்னு வச்சுட்டாங்க. வேலை முடிஞ்சுது. அங்க அப்படி இல்லை. டெல்லியில இருக்கற மாதிரி அங்க ஒரு பெரிய கோர்ட்டு, ஒம்பது ஜட்ஜுங்க. அவங்கதான் ஒரு காலத்துல, இது பொம்பளையோட உரிமை, அரசியல் சட்டத்துக்குள்ளயே இருக்குன்னாங்க. கிட்டத்தட்ட அம்பது வருஷம் கழிச்சு, அதே கோர்ட்டு, அதே புத்தகம், ஆளுங்க மட்டும் வேற. தேடிப் பாத்தோம், அந்த வார்த்தையே இதுல இல்லையே, இனிமே ஒவ்வொரு மாநிலமும் அதது இஷ்டத்துக்குச் சட்டம் போட்டுக்கட்டும்னு சொல்லிட்டாங்க. அந்தப் புத்தகத்தை எழுதினவன் பூரா ஆம்பளை. பவுடர் போட்ட டோப்பா வச்சுக்கிட்டுத் திரிஞ்சவன். அவன் புத்தகத்துல பொம்பளைங்கற வார்த்தையே கிடையாதாம், அப்புறம் கர்ப்பம் எங்கேருந்து இருக்கும்? இதைக் கண்டுபிடிக்க அத்தனை படிப்பு, அத்தனை பெரிய கட்டடம்.

என் பையன் இருக்கற மாநிலம் அதுக்குன்னே காத்துக்கிட்டிருந்த மாதிரி கதவைச் சாத்திருச்சு. தாய் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் டாக்டர் கை வைக்கலாம். எவ்வளவு ஆபத்து வந்தா அது ஆபத்து? அதை எழுதலை. தப்பாக் கணிச்சா டாக்டருக்கு ஜெயில். அதை மட்டும் தெளிவா எழுதியிருக்கான்.

ஒரு ஞாயித்துக்கிழமை. பகல். சாம்பார் கொதிச்சுக்கிட்டிருக்கு, அவ பாத்ரூம்லேருந்து அத்தைன்னு கூப்பிட்டா. போய்ப் பாத்தா பனிக்குடம் உடைஞ்சு கிடக்கு. அஞ்சாம் மாசத்துல. நான் ரெண்டு பெத்தவ, பாத்ததும் தெரிஞ்சு போச்சு, இது தங்காது. மணிவாசகன் காரை எடுத்தான். அங்க எமர்ஜென்சி வாசல்ல எங்களை எறக்கி விட்டுட்டு, அவன் வண்டியை நிறுத்தப் போயிட்டான். அந்த ஊர்ல வண்டியை நிறுத்த எடம் தேடறதே ஒரு பிரயாணம்.

வரவேற்புல ஒரு பொண்ணு. வாயில சூயிங்கம். 'வாட்ஸ் கோயிங் ஆன் டுடே?'ங்கறா. துணிக்கடையில கேக்கற மாதிரி. கோகிலவாணி சக்கர நாற்காலியில குனிஞ்சு உக்காந்திருக்கா, காலெல்லாம் ஈரம். அத்தை, நீங்க இருங்க, நான் பேசிக்கிறேன்னா. வலியில இருக்கற பொண்ணு என்னத்தைப் பேசும்? அதுவும் அவ இங்கிலீஷ். நீ சும்மா இருன்னு சொல்லிட்டு நானே முன்னாடி போய், சத்தமா, ஒவ்வொரு வார்த்தையா சொன்னேன்.

'ஷி இஸ் ஹேவிங் அபார்ஷன். கைண்ட்லி டூ த நீட்ஃபுல் இம்மீடியட்லி.'

நாம மனுவுல 'ஆவன செய்யவும்'னு எழுதுவோமில்லை, அதான். அதுல என்ன தப்பு இருக்கு, சொல்லுங்க. உங்க தெருவுல ஒருத்திக்கு கரு கலைஞ்சு போச்சுன்னா என்னம்பீங்க? பாவம், அபார்ஷன் ஆயிருச்சும்பீங்க. தானா கலைஞ்சாலும் அபார்ஷன், கலைச்சாலும் அபார்ஷன். நம்ம டாக்டரம்மாக்களும் அப்படித்தான் சொல்றாங்க. அவங்க வைத்தியப் புத்தகத்துலயே தானா கலையறதுக்கு ஸ்பான்டேனியஸ் அபார்ஷன்னுதான் பேரு. நான் அப்புறமா எடுத்துப் பாத்தேன். நான் சொன்னது நூத்துக்கு நூறு சரி.

அந்தப் பொண்ணு மெல்றதை நிறுத்திட்டா. என் மூஞ்சியைப் பாக்குறா, மருமகளைப் பாக்குறா. உள்ள போய் ஒரு நர்ஸைக் கூட்டிட்டு வந்தா. அந்த நர்ஸ் வந்து நாடி பிடிச்சுப் பாக்கணுமில்ல? இல்லை. என்ன மாத்திரை சாப்பிட்டே, எங்க வாங்கினே, யார் குடுத்தாங்கன்னு கோகிலவாணியைக் கேக்குறா. காக்கிச்சட்டை போட்ட காவல்காரன் ஒருத்தன் நகர்ந்து நகர்ந்து பக்கத்துல வந்து நின்னுக்கிட்டான். அவ, நான் ஒண்ணும் சாப்பிடலை, தானா உடைஞ்சுதுன்னு அழறா. என் பையன் மூச்சிரைக்க ஓடி வந்து எல்லாத்தையும் விளக்கமாச் சொன்னான். அதுக்குள்ள அங்க இருந்த அத்தனை பேர் காதுக்கும் போயாச்சு. முட்டாப் பசங்க. ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்கும்னு என் ஏழாங்கிளாஸ் பிள்ளைங்களுக்குத் தெரியும்.

அப்புறம் டாக்டர் வந்தார். ஸ்கேன் பண்ணினார். குழந்தைக்கு இதயம் துடிக்குதும்மான்னார். பொழைக்குமான்னு கேட்டோம். பொழைக்காதுன்னார். அப்ப எடுத்துருங்கன்னோம். இருங்க, ஆஸ்பத்திரி வக்கீலைக் கேட்டுட்டு வரேன்னு போயிட்டார். நம்ம ஊர்ல வக்கீல்தாங்க டாக்டரைத் தேடி வருவான். அங்க கத்தி பிடிக்கிறவன் கறுப்புக் கோட்டுக்காரனுக்கு ஃபோன் போட்டுட்டு நிக்கிறான். மாத்திரை சாப்பிட்டிருக்கலாம்னு வேற சந்தேகம் வந்துருச்சா, யாரும் கிட்ட வர மாட்டேங்கறாங்க. மறுநாள் மத்தியானம் அவளுக்குக் காய்ச்சல் ஏறி, கட்டிலே ஆடற மாதிரி உடம்பு நடுங்க ஆரம்பிச்சுது. ரத்தத்துல விஷம் கலந்துருச்சு. அப்பதான் அவங்க சட்டப்படி ஆபத்து வந்துச்சாம். உள்ள தூக்கிட்டு ஓடினாங்க.

உசிரு தங்கிருச்சு. கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க.

பையன். விரல்லாம் இருந்துச்சு. ஒரு சின்னத் துணியில சுத்தி என் கையிலதான் குடுத்தாங்க, அவ மயக்கத்துல இருந்தா. மணிவாசகன் பொறந்தப்ப இருந்த அதே நெத்தி. நான் அழறவ இல்லைங்க, என் வீட்டுக்காரர் போனப்பகூட அடுத்த வாரம் கிளாஸுக்குப் போனேன். அன்னைக்கு அழுதேன். இப்பவும் அதை நினைச்சா எனக்குச் சோறு எறங்காது.

தண்ணி குடிங்க. உங்க பொண்ணுக்கு அப்படியெல்லாம் ஆகாது. நான் சட்டத்தைப் பத்திச் சொல்ல வந்தேன்.

அந்தச் சட்டத்து மேல கேஸ் போட்டாங்க. என் மருமக மட்டுமில்லை, அவளை மாதிரி அடிபட்ட பொண்ணுங்க நாலஞ்சு பேர் சேர்ந்து. அவங்க வக்கீல் ரெபெக்கான்னு ஒருத்தி. வத்தலா, தலையைக்கூட வாராம வருவா. அவ வாதம் என்னன்னா, மாநிலத்துக்குன்னு ஒரு அரசியல் சட்டம் இருக்கு, அதுல உயிர் வாழற உரிமை எல்லாருக்கும் உண்டுன்னு எழுதியிருக்கு, வயித்துல இருக்கறது உயிர்னா சுமக்கறவளுக்கும் உயிர்தானே, எப்ப கை வைக்கலாம்னு டாக்டருக்குத் தெளிவாச் சொல்லுங்கன்னு. அதுவரைக்கும் சரி. கோகிலவாணிக்கு அதுல ரெண்டே ஆசை. தனக்கு அடுத்து அந்த நாற்காலியில வந்து உக்கார்றவ இப்படிக் காத்துக் கிடக்கக் கூடாது. அப்புறம், இவ கலைக்கலை, இவளுக்குக் கலைஞ்சுதுன்னு ஒரு ஜட்ஜ் வாயால கேக்கணும்.

அரசாங்கத் தரப்பு என்ன சொல்லுச்சுன்னா, சட்டத்துல ஒரு குறையும் இல்லை, இந்தப் பொண்ணு கருவைக் கலைக்கணும்னு கேட்டுத்தான் வந்துச்சு, வீட்டு ஆளே வாசல்ல நின்னு சொன்னாங்கன்னு. அந்தச் சூயிங்கம்காரி சாட்சி சொல்லிட்டா. அதனால என்னைக் கூப்பிட வேண்டியதாப் போச்சு. இன்னொரு டிக்கெட் போட்டு வரவழைச்சாங்க.

ரெபெக்கா முதல் நாள் வீட்டுக்கு வந்து சொல்லிக் குடுத்தா. எனக்கு. நான் என்ன சொல்லணுமாம் தெரியுமா? இங்கிலீஷ் என் தாய்மொழி இல்லை, எனக்கு அது சரியா வராது, பதட்டத்துல தப்பான வார்த்தையைச் சொல்லிட்டேன். அவ்வளவுதான், அதைச் சொன்னாப் போதும்கறா. முப்பது வருஷம். எத்தனை கலெக்டர், எத்தனை இன்ஜினியர் என்கிட்ட அடி வாங்கி ஆர்ட்டிகிள் கத்துக்கிட்டுப் போயிருக்கான். நான் ஏறி நின்னு எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு சொல்லணுமாம். என் பையனும் அம்மா, ஒரே ஒரு வாக்கியம்மான்னு கெஞ்சுறான். அவன் எஸ்.எஸ்.எல்.சி.யில இங்கிலீஷ்ல எடுத்த மார்க்குக்கு யார் காரணம்னு அவனுக்கு மறந்து போச்சு.

கோகிலவாணி மட்டும் கெஞ்சலை. பக்கத்துல வந்து உக்காந்தா. "அத்தை, நம்ம பாஷையில கலைஞ்சதுக்கும் கலைச்சதுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். அந்த ஒரு எழுத்தை மட்டும் அவங்களுக்கு எடுத்துச் சொல்லிருங்க. வேற எதுவும் வேண்டாம்."

பாப்போம்னு சொன்னேன். நான் மாட்டேன்னு சொல்லலையே.

கோர்ட்டுன்னா நான் என்னமோன்னு நினைச்சுப் போனேன். ஜட்ஜ் தெர்மாஸ் மாதிரி ஒண்ணுலேருந்து ஸ்ட்ரா வச்சு உறிஞ்சிக்கிட்டிருக்கார். 'ஹூ'வுக்கும் 'ஹூம்'க்கும் வித்தியாசம் தெரியலை அவருக்கு. எனக்குன்னு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை வேற உக்கார வச்சிருந்தாங்க, யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷர். அம்மா, நீங்கள் தமிழிலேயே சொல்லலாம், நான் பார்த்துக்கொள்ளுறன்னார். 'நோ, தேங்க்யூ'ன்னு அனுப்பி வச்சேன்.

ரெபெக்கா எழுந்து, இங்கிலீஷ் உங்க தாய்மொழியான்னு கேட்டா. இல்லை, ஆனா அதுல நான் போஸ்ட் கிராஜுவேட்னேன். அன்னைக்குத் தப்பான வார்த்தையைச் சொல்லிட்டீங்களான்னா. 'ஐ டு நாட் யூஸ் ராங் வேர்ட்ஸ்'னேன். பின்னாடி ரெண்டு பேர் சிரிச்சாங்க. அவ மூஞ்சி தொங்கிப் போச்சு. வேறென்ன செய்யறது, சத்தியம் பண்ணிட்டு ஏறியிருக்கேன்.

அடுத்து அரசாங்க வக்கீல் வந்தார். அந்தக் கோர்ட்டுல மரியாதை தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தாங்க. நல்ல உசரம், கோட்டு மடிப்பு கலையலை. எழுந்ததும் என்னைப் பாத்து, மேடம், உங்க இங்கிலீஷ் எங்க எல்லாரோட இங்கிலீஷையும் விட நல்லா இருக்குன்னார். எங்க கத்துக்கிட்டீங்கன்னார். சொன்னேன். கிராமர் எடுப்பீங்களான்னார். எடுப்பேன்னேன். அப்ப தானா கலையறதுக்கு மிஸ்கேரேஜ்னு ஒரு வார்த்தை இருக்கறது உங்களுக்குத் தெரியும்தானேன்னார். நல்லாத் தெரியும், அதுக்கு மூணு அர்த்தம் உண்டு, நீதி தவறிப் போனா மிஸ்கேரேஜ் ஆஃப் ஜஸ்டிஸ்னும் சொல்றதுண்டுன்னேன். ஜட்ஜ்கூட ஸ்ட்ராவைக் கீழ வச்சார். அந்த வார்த்தை தெரிஞ்சும் அன்னைக்கு நீங்க அதைச் சொல்லலை, அபார்ஷன்னுதான் சொன்னீங்க, இல்லையான்னார். ஆமாம்னேன்.

"நீங்க சொல்றதைத் தெரிஞ்சுதான் சொல்வீங்க?"

"ஆல்வேஸ்."

"டூ த நீட்ஃபுல்னா?"

"எது தேவையோ அதை உடனே செய்யறது."

'தேங்க்யூ, மேடம்'னு தலை குனிஞ்சு சொல்லிட்டு உக்காந்துட்டார். அவ்வளவு மரியாதை.

ரெபெக்கா மறுபடியும் குதிச்சு எழுந்தா. குழந்தை போயிட்டிருக்குங்கற அர்த்தத்துலதானே சொன்னீங்க, மிசஸ் சுகுணவதி, அதானேன்னு கேக்குறா. இப்ப வந்து என் வாயில வார்த்தையைத் திணிக்கிறா. பதில் சொல்லியாச்சு, 'ஐ ஸ்டாண்ட் பை மை வேர்ட்ஸ்'னேன். எறங்கறப்ப பாத்தேன், என் பையன் ரெண்டு கையாலயும் மூஞ்சியை மூடிக்கிட்டிருந்தான். கோகிலவாணி என்னைப் பாக்கலை. தன் உள்ளங்கையையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா.

தீர்ப்பு வந்துச்சு. மத்த பொண்ணுங்க கேஸ் நடக்கட்டும்னுட்டார் ஜட்ஜ். என் மருமக பேரை மட்டும் எடுத்துட்டார். இவங்களுக்கு நடந்ததுக்குச் சட்டம் காரணம்னு சொல்ல முடியாது, கருக்கலைப்பு கேட்டு வந்ததா அவங்க குடும்பத்தாரே உறுதியாச் சொல்றாங்கன்னு. ஊர்ப் பேப்பர்ல அப்படியே போட்டான். அங்க இருக்கற தமிழ்ச் சங்கத்துப் பொம்பளைங்க இவகிட்ட முன்ன மாதிரி பேசறதில்லை. பொங்கலுக்குப் பாத்திரம் கேட்டுக்கூட யாரும் வரலை. அறிவு கெட்ட ஜென்மங்க. படிச்சிருக்காங்களே தவிர, ஒரு தீர்ப்பை ஒழுங்காப் படிக்கத் தெரியாது. ஆனா ஒண்ணு. அந்தத் தீர்ப்புல ஜட்ஜ் என்னைப் பத்தி எழுதியிருக்கார். சாட்சி தெளிவாவும் நம்பும்படியாவும் பேசினாங்கன்னு. 'க்ளியர் அண்ட் க்ரெடிபிள்.' அந்தப் பக்கத்தை லேமினேட் பண்ணி வச்சிருக்கேன். என் மேல அந்த நாட்டுல யாரும் ஒரு தப்புச் சொல்ல முடியாது.

வீட்டுல சொன்னாங்களான்னா, சொல்லலை. அதான் எரிச்சல். திட்டினா பதில் சொல்லலாம். மணிவாசகன் டிக்கெட்டை முன்னாடி மாத்திட்டான். அவ எனக்கு ரசம் வச்சா, மாத்திரை எடுத்துக் குடுத்தா, பெட்டியில ஊறுகா பாட்டிலைச் சுத்தி வச்சா. நான் எதாவது கேட்டா சரிங்க அத்தை, ஆகட்டும் அத்தை. ஏர்போர்ட்டுக்கும் அவதான் கொண்டு வந்து விட்டா. பெட்டியை எறக்கித் தள்ளுவண்டியில வச்சா. போயிட்டு வரேன்னு சொன்னேன். அவ தள்ளுவண்டிக் கைப்பிடியை விடாம நின்னா. நான்தான், என்னம்மா, எம் மேல கோபமான்னு கேட்டேன்.

இல்லை அத்தைன்னா. கோபமே இல்லாத மூஞ்சி.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீங்க தமிழ்ல கத்தியிருந்தா அவங்களுக்கு ஒண்ணுமே புரிஞ்சிருக்காது. புரியலைன்னா, அவங்க என்னைப் பாத்திருப்பாங்க."

சொல்லிட்டுக் காரை எடுத்துட்டுப் போயிட்டா.

எப்படி இருக்கு பாருங்க கதை. முப்பது வருஷம் இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தவ, நான் போய்த் தமிழ்ல கத்தணுமாம். அவங்களுக்குப் புரியற மாதிரி பேசினதுதான் தப்பாம்.